உஷார்! அந்தப் பாட்டில் இத்தனை வருஷம் எங்கே இருந்தது?

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெங்களூர் குக் டவுனில் ஒரு நண்பர் வீட்டில் எட்டுப் பேர் கூடினோம். ஆளுக்கொரு பழைய சிவப்பு பர்கண்டி ஒயின் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் 1985-ம் வருஷத்துப் பாட்டில் ஒன்று வந்தது. நண்பருக்கு நண்பர் ஒருவர் பெருந்தன்மையோடு கொடுத்தனுப்பியது. லேபிள் பழுப்பேறி, ஒரு மூலை அரித்துப்போய், பார்த்தாலே கும்பிடத் தோன்றும் கோலம். ஊற்றினோம். எல்லோரும் கண்ணை மூடி "ஆகா" என்றோம். நானும்தான். வாயில் இருந்ததோ, திராட்சை வற்றலை வெந்நீரில் ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு சமாச்சாரம்.

லிஃப்டுக்காக நின்றபோது ஒருவர் காதோடு கேட்டார்: "உனக்கு அது சரியா இருந்துச்சா?" பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டார்: "எனக்கும் சந்தேகம்தான். ஆனா நீங்கள்லாம் தலையாட்டினீங்களே!" விசாரித்துப் பார்த்தால் எட்டுப் பேரில் ஐந்து பேருக்குச் சந்தேகம். மேஜையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தனுப்பியவர் மனசு நோகும் என்று இரண்டு பேர், நமக்குத்தான் நாக்கு சரியில்லையோ என்று மூன்று பேர்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான். ஒயின் உலகம் கண்ட மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று இதே மாதிரி மேஜைகளில், இதே மாதிரித் தலையாட்டல்களை நம்பித்தான் நடந்தது. பெங்களூரில் இப்போது பழைய பர்கண்டி பேச்சு அதிகமாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், கம்பெனி வேலையாக மாதம் ஒருமுறை பாரிஸும் சிங்கப்பூரும் போய்வருகிறவர்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில் சூட்கேஸில் கொண்டுவருகிறார்கள். அதனால்தான் இந்த எச்சரிக்கை. கொஞ்சம் பதற்றமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் அந்த மோசடிக்காரரின் கதை. பெயர் ரூடி குர்னியாவான். இந்தோனேசியாவில் பிறந்து, மாணவர் விசாவில் அமெரிக்கா போனவர். 2000-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பணக்காரர்களின் ஒயின் விருந்துகளில் திடீரென்று முளைத்தார். வயது முப்பதுகூட இல்லை. ஆனால் ஏலங்களில் அள்ளி அள்ளி வாங்குவார். பர்கண்டியின் மிகப் புகழ்பெற்ற தோட்டமான ரொமானே-கொன்ட்டியின் ஒயின் மீது அவருக்கு இருந்த பித்தைப் பார்த்து 'டாக்டர் கொன்ட்டி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். மற்ற பணக்காரர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டியது ஒரே ஒரு குணம்: தாராளம். தன் பாட்டில்களைத் தானே திறந்து எல்லோருக்கும் ஊற்றுவார். சாதாரண மனிதன் வாழ்நாளில் ஒருமுறை முகர்ந்து பார்க்க முடியாத பாட்டில்களை, ஏதோ கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுகிற மாதிரி வரிசையாக ஊற்றுவார். அப்படி ஊற்றுகிறவரிடம் "இது அசலா?" என்று யார் கேட்பார்கள்? பந்தியில் உட்கார்ந்துகொண்டு பாயசத்தில் முந்திரி எங்கே என்று கேட்கிற ஜாதியா நாம்?

2006-ல் நியூயார்க்கின் ஆகர் மெரால் அண்ட் காண்டிட் ஏல நிறுவனம் அவருடைய பாட்டில்களை இரண்டு தடவை ஏலம் விட்டது. ஜனவரியில் 1 கோடி டாலருக்கு மேல், அக்டோபரில் 2 கோடியே 47 லட்சம் டாலர். ஒரே ஆளின் சரக்குக்கு அதுவரை யாரும் பார்க்காத தொகை அது. வாங்கியவர்களில் பலர் அவரோடு உட்கார்ந்து குடித்த நண்பர்கள்.

குட்டு உடைந்தது 2008 ஏப்ரல் 25 அன்று. உடைத்தவர் ஒரு விவசாயி என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். பர்கண்டியில் மொரே-சான்-தெனி கிராமத்துக்காரர் லோரான் பொன்சோ. ரூடியின் சரக்கு வந்த ஒரு நியூயார்க் ஏலப் பட்டியலில் தன் குடும்பப் பெயர் போட்ட 'க்ளோ சான் தெனி' பாட்டில்கள் 1945, 1949, 1959, 1962 என்று 1971 வரை வரிசையாக இருப்பதாகக் கேள்விப்பட்டார். அவருடைய குடும்பம் அந்தத் தோட்டத்திலிருந்து ஒயின் எடுக்கத் தொடங்கியதே 1980-களில்தான்! அதாவது, பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் எழுதி, விலையும் போட்டு வைத்திருந்தார்கள். அதே பட்டியலில் 1929 தேதியிட்ட 'க்ளோ த லா ரோஷ்' ஒன்று, பொன்சோ வீட்டிலேயே அடைக்கப்பட்டதாக எழுதியிருந்தது. அவர்கள் வீட்டில் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தது 1934-ல். மனிதர் போன் போட்டதோடு நிற்காமல் விமானம் ஏறி ஏல மண்டபத்துக்கே போய் நின்றார். அவர் பெயர் போட்ட 97 பாட்டில்களும் ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டன.

அதன் பிறகு பொன்சோ, சரக்கு எங்கிருந்து வந்தது என்று ரூடியிடமே விடாமல் கேட்டார். கிடைத்த பதில், 'பாக் ஹென்ட்ரா' என்று ஒரு பெயரும், இரண்டு ஜகார்த்தா தொலைபேசி எண்களும். இந்தோனேசியாவில் 'பாக்' என்றால் 'ஐயா' என்பது போல ஒரு மரியாதைச் சொல். ஹென்ட்ரா, நம் ஊர் குமார் மாதிரி தெருவுக்கு நாலு பேர். "நம்ம குமார் சார் கொடுத்தார்" என்பதற்கு மேல் அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. எண்களில் ஒன்று ஒரு விமான நிறுவனத்தின் ஃபேக்ஸுக்குப் போனது.

2012 மார்ச் 8 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் அர்காடியா என்ற இடத்தில் அம்மாவோடு அவர் வசித்த வீட்டில் எஃப்.பி.ஐ. நுழைந்தது. ஆயிரக்கணக்கில் அச்சடித்த லேபிள்கள், ரப்பர் ஸ்டாம்புகள், பழைய கார்க்குகள், அரக்கு, கார்க் அடைக்கும் கருவி. பாட்டில்களின் மேல் எதை எதோடு கலந்தால் எது மாதிரி வரும் என்ற குறிப்புகள், சாம்பார்ப் பொடிக் கணக்கு மாதிரி. மலிவான பழைய பர்கண்டிகளை மொத்தமாக வாங்கி, அதில் கலிஃபோர்னியாவின் புது ஒயினைக் கொஞ்சம் சேர்த்தால், பழசின் வாசனையும் இருக்கும், உயிரும் இருக்கும். கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. 2013 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, 2014 ஆகஸ்டில் 10 வருஷச் சிறை. பறிமுதலான போலிகளில் 500-க்கும் மேற்பட்ட பாட்டில்களை 2015 டிசம்பரில் டெக்சாஸில் உடைத்தார்கள். கண்ணாடி மறுசுழற்சிக்குப் போனது, ஒயின் உரக்குழிக்குப் போனது. 2021-ல் அவரை இந்தோனேசியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2023-ல் அவர் சிங்கப்பூரில் தென்பட்டார். ஒரு தனி விருந்தில் அசல் ரொமானே-கொன்ட்டியையும் அதைப் போல அவர் கலக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றியதாகவும், விருந்தினர்களில் பலருக்கு அவர் கலவைதான் பிடித்திருந்ததாகவும் செய்தி வந்தது. சிங்கப்பூர் என்றால் பெங்களூருக்கு நாலரை மணி நேரம். அந்த விருந்தில் ஏமாற்று இல்லை, சொல்லிவிட்டே ஊற்றினார்கள். ஆனால் விஷயம் அதுவல்ல. காசு கொட்டி வாங்குகிற நாக்குகளுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

2024 அக்டோபரில்கூட, பிரான்சின் பெரிய ஒயின்களைப் போலியாகச் செய்து பாட்டில் 15,000 யூரோ வரை விற்ற கும்பலைப் பிடித்ததாக யூரோபோல் அறிவித்தது. தொழில் நன்றாக நடக்கிறது.

பெங்களூருக்கு என்ன ஆபத்து என்கிறீர்களா? நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஞாபகம் இல்லை, அதுதான் ஆபத்து. நம் ஊரின் திராட்சை பெங்களூர் புளூ. புவிசார் குறியீடு வாங்கிய பழம், ஜூஸுக்கும் இனிப்பு ஒயினுக்கும் நல்லது. கன்வல் குரோவர் 1988-ல் தொடங்கிய ஒயினரி நந்தி மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே போய்க் குடித்து, மலை பார்த்து, நாமெல்லாம் ஒயின் கற்றுக்கொண்டோம். நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் கிடைப்பது இளம் ஒயின், வேறு ஜாதித் திராட்சை. முப்பது வருஷம் பாதாளத்தில் படுத்துக் கிடந்த பினோ நுவார், அதாவது சிவப்பு பர்கண்டியின் திராட்சை, எப்படி இருக்கும் என்பது நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம். நகையே பார்க்காதவனிடம் கவரிங் விற்பது எவ்வளவு சுலபம்!

பர்கண்டியில் பேர் படித்தாலும் போதாது. கிழக்கு பிரான்சில் திஷோன் நகரத்துக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய சரிவு. அது நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கொரு பேர். ஒரே துண்டுக்குப் பல சொந்தக்காரர்கள். க்ளோ த வூஷோ என்ற தோட்டம் வெறும் 50 ஹெக்டேர், சொந்தக்காரர்கள் சுமார் 80 பேர். அத்தனை பேரும் அதே பேரில் ஒயின் போடுகிறார்கள். டப்பாவில் மைசூர் பாகு என்று எழுதியிருந்தால் வாங்கிவிடுவீர்களா? எந்தக் கடை என்று கேட்பீர்கள் இல்லையா? அதே கேள்விதான் இங்கேயும். பொன்சோ கதையில் பார்த்த மாதிரி, எந்தக் குடும்பம் எந்த வருஷம் எதைச் செய்தது என்பது பதிவில் இருக்கும் சமாச்சாரம். ரொமானே-கொன்ட்டியில் 1945 அறுவடைக்குப் பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். அடுத்த ஒயின் 1952-ல்தான். நடுவில் 1946 முதல் 1951 வரை எந்த வருஷம் எழுதி யார் நீட்டினாலும், "போய் வாருங்கள்" என்று சொல்லிவிடலாம். அந்த 1945-ல் வந்தது சுமார் 600 பாட்டில். அதில் ஒன்று 2018 அக்டோபரில் நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. நம் காசில் 4 கோடிக்கும் மேல். அதையா ஒருவர் இந்திராநகர் மாடியில் உங்களுக்கு இலவசமாகத் திறக்கப்போகிறார்?

வாட்ஸப்பில் வருகிற "மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, அவசரமாக விற்கிறோம்" வகைச் செய்திகளுக்கு இன்னும் ஒரு படி உஷார். லைசென்ஸ் இல்லாமல் ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு மது விற்பதே எக்சைஸ் சட்டப்படி குற்றம். ஏமாந்தால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்? ஸ்டேஷனில் முதல் கேள்வி, நீங்கள் ஏன் வாங்கினீர்கள் என்பதாக இருக்கும். நண்பர்களிடம் டிக்கெட் போட்டு வசூலித்து ஊற்றுகிறவர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும். காசு வாங்கிவிட்டால் அது விருந்து இல்லை, விற்பனை.

உள்ளே இருப்பது என்ன என்று தெரியாத திரவத்தைக் குடிப்பதில் போவது காசு மட்டும் அல்ல. அதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1981-ல் இதே பெங்களூரில் விஷச் சாராயம் 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள். ஏழையின் பாக்கெட் சாராயத்துக்குத்தான் அப்படி என்று நினைத்தால், 1986-ல் இத்தாலியில் மெத்தனால் கலந்த ஒயினால் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள்.

சரி, பாட்டில் அசல்தான் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் திஷோனில் தோட்டக்காரர் கையிலிருந்தே வாங்கினார், பில் இருக்கிறது. அப்போதும் நிம்மதியாக உட்காராதீர்கள். பெங்களூரில் போலியைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுக்குள்ளேயே, ஃபிரிட்ஜுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

"எங்க ஊர் ஏசி ஊர்" என்ற பழைய பெருமை இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. ஃபேன் இல்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பெருமையில் ஒயினைச் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5. பழைய பர்கண்டி கேட்பது 12, 13 டிகிரி. அதுவும் வருஷம் முழுக்க ஏறாமல் இறங்காமல். பினோ நுவார் தோல் மெல்லிய திராட்சை. அதன் ஒயினுக்கும் தோல் மெல்லியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஒயின் விரியும், கார்க்கைத் தள்ளும். ராத்திரி குளிர்ந்தால் சுருங்கும், வெளிக்காற்றை உறிஞ்சும். முப்பது வருஷம் பிரெஞ்சு நிலவறையில் தவம் இருந்ததை, நம் வீட்டு மொட்டை மாடிக்குக் கீழ் அறை ஒரே கோடையில் கஷாயம் ஆக்கிவிடும். குக் டவுன் 1985-க்கு நடந்தது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அது போலி இல்லை, வெந்துபோனது. (போலியாகவே இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். ரூடியை நினைத்தால் அதுவும் நியாயம்.)

ஒயினுக்கென்று இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் வாங்கியாயிற்றா? நல்லது. மே மாதம் கரண்ட் போய்விட்டு நாலு மணி நேரம் கழித்து வந்தபோது அது தானாக ஓடியதா என்று பார்த்தீர்களா? சில மாடல்கள் தானாக ஓடாது, பொத்தானை அழுத்தவேண்டும். ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரம் அது வெறும் அலமாரியாக நின்றிருக்கும்.

விமானத்தில் வரும் வழியிலும் வெந்துபோகலாம். விமானத்துக்கு வெளியே சூட்கேஸ் வெயிலில் கிடக்கும் முக்கால் மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கஸ்டம்ஸில் தீர்வையில்லாமல் விடுவது ஆளுக்கு 2 லிட்டர். பாட்டில் 750 மில்லி என்றால் இரண்டுதான். "மூணு பாட்டில் ரெண்டு லிட்டர்தானே" என்று மனக்கணக்குப் போட்டுப் பிடிபட்டவர்கள் எனக்கே இரண்டு பேரைத் தெரியும். 2.25 வருகிறது ஐயா, எழுதிக் கூட்டுங்கள். அதிகப்படி பாட்டிலுக்குத் தீர்வை போட்டால் வாங்கின விலையை மிஞ்சும்.

வந்த பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள். பழைய பர்கண்டியின் அடியில் மண்டி இருக்கும், டிகாக்ஷன் அடியில் இருப்பது போல. பயணத்தில் அது முழுக்கக் கலங்கியிருக்கும், குடித்தால் நாக்கில் மணல் கரகரக்கும், கசக்கும். இரண்டு மூன்று வாரம் படுக்க வையுங்கள். விருந்துக்கு மூன்று நாள் முன்னால் நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். இதையெல்லாம் பயபக்தியோடு செய்துவிட்டு, விருந்தன்று சாயங்காலம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவுட்டர் ரிங் ரோடு குழிகளில் ஆட்டோவில் போகிறவர்களை என்ன சொல்ல? மூன்று நாள் தவம் முப்பது நிமிஷத்தில் போச்சு. ஒரு வாரம் முன்னாலேயே விருந்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது விருந்து வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

மேஜைக்கு வருவோம். திறப்பதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, ஒயின் கார்க்கிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள். முப்பது வயதுப் பாட்டிலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருப்பது இயல்பு. ஆறு, ஏழு என்றால் உள்ளே காற்று குடிபுகுந்துவிட்டது. நாற்பது வயதுப் பாட்டிலில் ஒயின் கழுத்து முட்ட நின்றால் அதற்கும் காரணம் கேட்க வேண்டும். கார்க்கை மூடியிருக்கும் கேப்ஸ்யூல் உறைக்கு வெளியே பிசுபிசுப்பு வழிந்திருந்தால், கார்க் மேலே துருத்தி நின்றால், சூடு பட்டது. கார்க்கில் குடும்பப் பெயரும் வருஷமும் அச்சிட்டிருக்கும். லேபிளோடு ஒத்துப்போகிறதா? எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல்.

நிறம் நல்ல சாட்சி. இருபத்தைந்து, முப்பது வருஷப் பர்கண்டி மங்கலான செங்கல் நிறம், ஓரத்தில் ஆரஞ்சு. கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் தெரியும். நாவல்பழச் சாறு மாதிரிக் கருநீலமாக வந்தால் யாரோ இளசைக் கலந்திருக்கிறார்கள். வாசனையில் காய்ந்த ரோஜா இதழ், மழைக்குப் பிறகு கப்பன் பார்க்கில் சருகு மக்கும் வாடை, காளான், பழைய தோல் பெட்டி, கொஞ்சம் தேயிலை வரும். முதல் தடவை முகர்கிறவர்கள் "கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். கெடவில்லை, இதற்குத்தான் இத்தனை பாடு. ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி, மூட்டை அடுக்கிய குடோனில் சணல் சாக்கு வாடை என்றால் அது கார்க்கில் வரும் டி.சி.ஏ. நோய். லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஒயினுக்குச் சாவு. நெயில் பாலிஷ் வாடை, காடி வாடை என்றால் அடுத்த பாட்டிலுக்குப் போங்கள்.

டிகேன்டரில் ஊற்றி ஒரு மணி நேரம் "மூச்சு விட" வைக்கும் வழக்கம் இளம் ஒயினுக்கு. கிழவருக்கு அது ஆகாது. சில பழைய பாட்டில்கள் திறந்து நாற்பது நிமிஷத்தில் அடங்கிவிடும். பாட்டிலிலிருந்தே நேராக, மெதுவாக, கழுத்துக்குக் கீழே மொபைல் டார்ச் பிடித்து ஊற்றுங்கள். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். கடைசிச் சொட்டுவரை பிழியும் நம் பழக்கம் இங்கே வேண்டாம். ரூம் டெம்பரேச்சர் என்று எழுதியிருப்பது அந்தக் காலத்து ஐரோப்பியக் குளிர் அறை. ஏப்ரல் மாத பெங்களூர் அறை 29 டிகிரி. 15, 16-க்குக் கொண்டுவராவிட்டால் சாராய நெடி மட்டும்தான் மிஞ்சும். சாம்பிராணி, அத்தர், ரூம் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருகிற தோழிகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. சாப்பாட்டில் ஆந்திரா மிளகாய்க்கு அன்று விடுமுறை. காளான் வறுவல், வெண்ணெய் போட்ட கோழி, காரம் குறைத்த கல்தோசை போதும்.

எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். முதல் வாய் குடித்ததும் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் 'சரி', 'வெந்தது', 'சாக்கு', 'சந்தேகம்' என்று ஒரு வார்த்தை எழுதி மடித்துப் போடவேண்டும். கொண்டுவந்தவரும் எழுதவேண்டும். பிறகுதான் பிரித்துப் படிப்பது. முதல் மாதமே, தன் பாட்டிலுக்குத் தானே 'சாக்கு' என்று எழுதிய ஒருவரைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினோம். லிஃப்ட் வாசல் பேச்சு அதோடு நின்றது.

எட்டுப் பேர், எட்டுப் பாட்டில் என்றால் ஆளுக்கு முக்கால் லிட்டர். அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்ட முடியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் உள்ளே, இரண்டுமேகூட. சனிக்கிழமை ராத்திரி போலீஸ்காரர் உங்கள் பாட்டில் எந்த வருஷத்தது என்று கேட்கமாட்டார். துப்புவதற்கு ஒரு சொம்பு வையுங்கள். வீட்டுக்கு மெட்ரோவில் போங்கள்.

கடைசியாகக் காலி பாட்டில். ரூடி விருந்து முடிந்ததும் நியூயார்க் உணவகத்தில் காலி பாட்டில்களைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்வாராம். ஞாபகார்த்தம் என்று நினைத்து அனுப்பினார்கள். அசல் பாட்டில், அசல் லேபிள், அசல் கார்க். உள்ளே மட்டும் அவர் சரக்கு. அதைப் படித்த நாளிலிருந்து நான் விருந்து முடிந்ததும் லேபிளில் கறுப்பு மார்க்கரால் தேதி எழுதி, பாட்டிலைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்க்காரர் வந்தபோது அந்தச் சாக்கைத்தான் நீட்டினேன். உள்ளே பார்த்துவிட்டு மனுஷருக்கு முகம் சுருங்கிப்போச்சு.

"இன்னா சார், சும்மா ஒடச்சிட்டீங்களே. இந்த மாதிரி ஃபாரின் பாட்டில் முழுசா இருந்தா தனி ரேட்டு. பேப்பரு கிழியாம இருந்தா இன்னும் ஜாஸ்தி."

"யார் வாங்கறாங்க?"

"வாரம் ஒருத்தரு ஸ்கூட்டர்ல வராரு சார். கார்க்கு இருக்கான்னுகூட கேப்பாரு."